ஒன்று புள்ளி இரண்டில் எடுத்த கல்யாணம்

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரெஜிமோனுக்குச் சோறு இறங்காது. யாருடைய கல்யாணமானாலும் அப்படித்தான். கேரளத்தில் பாலா டவுனில் ஸ்டுடியோ வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. மீனச்சில் ஆற்றின் இரண்டு கரையிலும் அவன் படமெடுக்காத மாதாகோவில் பாக்கியில்லை. ஆனாலும் மாப்பிள்ளை மின்னு என்கிற தாலியைக் கட்டும் அந்த மூன்று விநாடி தவறிவிடுமோ என்ற பயம் போகவில்லை. அவன் மனைவி ஷைனி, ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பவள், அன்றைக்குக் கஞ்சிதான் வைப்பாள்.

"நாளைக்குக் கழுத்த நீட்டப் போறது அந்தப் பொண்ணு. உங்க மூஞ்சி எதுக்கு இப்படி வெளிறிப் போகுது?" என்பாள்.

ஃபிலிம் காலத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு மருந்து இருந்தது. லென்ஸின் திறப்பை எட்டாம் எண்ணில் வைத்து ஃபிளாஷைப் போட்டு அடித்தால் பெண், மாப்பிள்ளை, பாதிரியார், பின்னால் நின்று மூக்கைச் சொறிகிற மாமன் வரை எல்லாரும் தெளிவாக விழுவார்கள். படத்தில் அழகு கம்மிதான். ஆனால் ஒருத்தரும் விடுபட மாட்டார்கள்.

அதற்கப்புறம் கல்யாணப் பெண்கள் கையில் போனோடு ஸ்டுடியோவுக்கு வர ஆரம்பித்தார்கள். "சேட்டா, இந்த மாதிரி வேணும். என் கண்ணு மட்டும் தெரியணும். பின்னாடி இருக்கிறதெல்லாம் நெய் மாதிரி உருகிடணும்." ரெஜியின் லென்ஸில் எதுவும் உருகவில்லை. ஒரே சீசனில் ஏழு கல்யாணம் ஏற்றுமானூரில் புதிதாகப் படமெடுக்க வந்த பையன்களிடம் போயிற்று. ஏழாவது, ஷைனியின் சொந்தச் சித்தப்பா மகளுடையது. விருந்தாளியாகப் போய்ப் பிரியாணி தின்றுவிட்டு வந்த அன்றைக்கு, ரெஜி எர்ணாகுளத்துக்கு பஸ் ஏறினான்.

அங்கே லென்ஸ் கடை வைத்திருக்கும் ஷம்சுக்கா அவனுக்குப் பழைய பழக்கம். கண்ணாடி மேஜைமேல் மூன்று லென்ஸ்களை வரிசையாக நிறுத்தினார். மூன்றும் எண்பத்தைந்து மில்லிமீட்டர். ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி நான்கு, ஒன்று புள்ளி இரண்டு. எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் வாய் அகலும். வெளிச்சம் உள்ளே கொட்டும். படத்தில் தெளிவாக விழும் இடம் மட்டும் மெலிந்துகொண்டே போகும். ரெஜி ஒவ்வொன்றாக மாட்டி ஷம்சுக்காவையே எடுத்துப் பார்த்தான். முதலாவதில் கண்ணும் தாடியும் இருந்தன. இரண்டாவதில் தாடியின் நுனி போயிற்று. மூன்றாவதில் ஒரு கண்ணின் இமைமுடி மட்டும் எண்ணலாம் போலிருந்தது. இன்னொரு கண்ணே மங்கல். பின்னால் இருந்த அலமாரி, சுவர், கடைப்பெயர் எல்லாம் வெளிச்சப் பொட்டுகளாகக் கரைந்திருந்தன. பார்த்தவுடன் ரெஜிக்கு மூச்சு நின்றது. அழகுக்கா பயத்துக்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஒண்ணு பாயிண்ட் எட்ட எடுத்துட்டுப் போ ரெஜீ. உன் நிம்மதிக்கு அது போதும்" என்றார் ஷம்சுக்கா.

"பசங்க எத வாங்குறாங்க இக்கா?"

"அவங்க ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. அவங்களுக்கு நெஞ்சுல முடி இருக்கு. நீ பொண்ணு தும்முனாலே நடுங்குற ஆளு."

"இதுல எடுத்தா அசையவே கூடாதா?"

"மூச்சு விடலாம். சிரிச்சா போச்சு."

ரெஜி மூன்றாவதையே எடுத்துக்கொண்டான். துணிச்சல் ஒன்றும் இல்லை. எட்டாவது கல்யாணமும் போய்விடுமோ என்ற பயம்தான்.

ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தக் கண்ணாடி அவன் பயத்தை இரண்டாக்கிற்று. ஆறடி தூரத்தில் தெளிவின் ஆழம் இரண்டு விரல்கடைதான். பெண் ஒரு விரல்கடை முன்னால் சாய்ந்தால் கண் போய்க் காது நிற்கும். முதல் வருடம் நூற்றுக்கு முப்பது படம் பிசகிற்று. பிசகின படங்களை ஷைனியின் கண்ணில் படுவதற்கு முன்னால், அன்றைக்கு மாலையே காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிடுவான். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் அந்தப் படங்கள் இருக்கிற கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக அவனுக்குக் கூசும்.

பிற்பாடு, கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற கேமரா வந்தது. திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் போய்ப் பெண்ணின் கண்மேல் உட்கார்ந்துகொள்ளும். அவள் எங்கே திரும்பினாலும் கூடவே போகும். அன்றிலிருந்து ரெஜி அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தான். அது கண்மேல் இருக்கிறவரை அவனுக்கு உயிர் இருந்தது. படத்தில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. அழிக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

டெல்னாவின் கல்யாணம் ஜனவரியில். அவள் அப்பா மத்தாயிச்சன் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர். விடியும் முன்னே தானே போய் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். அறுபத்தாறு வயதுவரை முண்டு வேட்டியும் அரைக்கைச் சட்டையும்தான். மகள் கல்யாணத்துக்காக முதல் தடவையாக ஒரு கோட்டுத் தைத்துப் போட்டிருந்தார். சாம்பல் நிறம். அன்று காலை ரெஜி கல்யாண வீட்டு முற்றத்தில் இறங்கினதும் நேராக அவனிடம் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"எப்படிடா இருக்கேன்?"

"மத்தாயிச்சா, மாப்பிள்ளை பயந்துருவான்."

"பயப்படட்டும். இத இன்னைக்கு ஒருநாள், அப்புறம் பெட்டிக்குள்ள படுக்குறப்ப ஒருநாள். ரெண்டு தடவதான் போடுவேன்னு ஏலியாம்மாகிட்டச் சொல்லிட்டேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி ஏலியாம்மா, "நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறக்குறதப் பாரு" என்று அதட்டினாள். அவர் ரெஜியின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "மோனே, நான் படத்துல வருவேன்ல? இந்தப் பெரிய லென்ஸ்ல பொண்ணு மட்டும்தான் விழும்னு மூத்தவன் ஜோமேஷு சொல்றான்."

"நீங்க இல்லாத படமே இருக்காது மத்தாயிச்சா."

சொன்னது பொய்யில்லை. அதுதான் பிற்பாடு அவனைக் கொன்றது.

இன்னொன்றும் செய்திருந்தான். பின்னணியில் போன் வெளிச்சம் விழுந்தால் உருகல் கெட்டுப்போகும் என்று, கோவிலுக்குள்ளும் விருந்துக் கூடத்திலும் யாரும் போனை எடுக்க வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லி அறிவிக்கச் செய்தான். எல்லாரும் சொன்ன சொல் கேட்டார்கள்.

கல்யாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு டெல்னாவின் அண்ணன் ஜோமேஷ் கூப்பிட்டான்.

"ரெஜிச்சேட்டா, அப்பச்சன் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் ரெஜிக்கு விளங்கிற்று.

"ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் பக்கத்துல உக்காந்தாரு. எந்திரிக்கல." ஜோமேஷ் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனான். "நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். பத்திரிகைக்கு ஒரு மணிக்குள்ள படம் குடுக்கணும். ஜங்ஷன்ல ஃபிளெக்ஸ் வைக்கணும். அம்மச்சி கோட்டுப் போட்ட படம்தான் வேணும்னு ஒரே பிடியா இருக்காங்க. நீங்க எடுத்ததுல நல்லதா ஒண்ணு அனுப்புங்க. தனியா இருந்தா நல்லது."

"இப்பவே அனுப்பறேன்" என்றான் ரெஜி.

ஷைனி கணினியைத் திறந்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் படம். அவள் ஓட்ட ஓட்ட, ரெஜி பின்னால் நின்று அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். மத்தாயிச்சன் இருந்தார். பெண் பெரியவர்களுக்கு ஸ்துதி சொல்லி ஆசி வாங்கத் தலை குனியும்போது அவள் தோளுக்குப் பின்னால் இருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கோவிலுக்குள் பீடத்துக்குப் போகும் நடைபாதையில் அவள் கையைக் கோத்துக்கொண்டு அரையடி பின்தங்கி இருந்தார். மின்னு கட்டும்போது, கேக் வெட்டும்போது, புடவை மாற்றிவிட்டு அவள் வெளியே வரும்போது, எல்லாவற்றிலும் இருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு புகை. மேலே பழுப்பாக ஒரு வட்டம். டெல்னாவின் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பக்கத்தில் நின்ற தகப்பனுக்கு மூக்கில்லை, வாயில்லை.

"அடுத்தது" என்றான் ரெஜி. "அடுத்தது."

ஆயிரத்தைந்நூறைத் தாண்டும்போது ஷைனி கையை எடுத்துவிட்டாள். "என்னங்க இது?" என்றாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "குடும்பமா நிக்கவச்சு ஒண்ணுகூடவா எடுக்கல?"

"மழை தூறிச்சு. பொண்ணு அதெல்லாம் பழைய ஸ்டைல், வேண்டாம்னு சொல்லிட்டா."

"சரி. தவறிப்போய்க்கூட ஒண்ணு விழுந்திருக்காதா? பிசகுனது?"

ரெஜியின் காது இரண்டும் சுட்டன. விழுந்திருந்தது. கோவில் வாசலில் காற்று அடித்து டெல்னாவின் முக்காட்டுத் துணி அவள் முகத்தை மூடிற்று. கண் மறைந்தவுடன் பச்சைக் கட்டம் தாவிப் பக்கத்தில் இருந்த கண்ணைப் பிடித்தது. துணியை விலக்கக் கை நீட்டிய மத்தாயிச்சனின் கண். ரெஜியின் விரல் அதற்குள் அழுத்திவிட்டது. திரையில் பார்த்தான், பெண் மங்கல், கிழவர் தெளிவு. ச்சே என்று வாய்விட்டே சொன்னான். அன்று மாலை காரில் உட்கார்ந்து அழித்த பதினொன்றில் அதுவும் ஒன்று. அந்தக் கார்டில் அதற்கப்புறம் நான்கு கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது; இனி மீட்க முடியாது.

"இல்ல" என்றான்.

மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. ஷைனி, மங்கின முகத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். நடைபாதைப் படத்தில் மத்தாயிச்சனின் தலையை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். ஒரு நிமிடத்தில் முகம் வந்தது. இருவரும் பின்னுக்குச் சாய்ந்தார்கள். அருமையான முகம். தோல் சுருக்கம், நரைத்த புருவம், லேசான சிரிப்பு, சிரிப்பில் வரிசையாகப் பல். மத்தாயிச்சனுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் கிடையாது.

"பல்ல மூடிடலாம்" என்றாள் ஷைனி, குரல் இறங்கி. "பத்திரிகையில கட்டைவிரல் அளவுதான் வரும். யாரு பாக்கப்போறா?" என்றாள்.

இவனைத் தனக்குத் தெரியாது என்று ரெஜிக்குத் தோன்றிற்று. திரையில் இருந்தவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்து, செத்தவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவன். அனுப்பிவிட்டால் பயம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் அனுப்பக் கை வரவில்லை, போனில் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் படத்தை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தான். வழியில் ஜோமேஷ் இரண்டு தடவை கூப்பிட்டான். ரெஜி எடுக்கவில்லை.

முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது நாளைக்கு முன்னால் பூப்பந்தல் நின்ற அதே குழிகளில் கம்பு நட்டிருந்தார்கள். ஜோமேஷ் படியிலேயே பிடித்துக்கொண்டான்.

"போன எடுக்க மாட்டீங்களா? மணி என்னன்னு தெரியுமா?"

ரெஜி மடிக்கணினியைத் திறந்து காட்டினான். ஜோமேஷ் ஒரு பார்வை பார்த்தான். அவன் ராத்திரி முழுக்கத் தூங்காதவன்போல இருந்தான். அப்பா இறந்து நான்கு மணி நேரந்தான் ஆகிறது. "நல்லாத்தான இருக்கு. அனுப்புங்க, அனுப்புங்க."

ரெஜிக்கு ஒரு கணம் உயிர் திரும்பிற்று. அதற்குள் உள்ளேயிருந்து ஏலியாம்மாவின் குரல். "ரெஜியா வந்திருக்கான்? இங்க கொண்டா. நான் பாக்கணும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டெல்னா, தாயின் கையை மடியில் வைத்துக்கொண்டு. ஏலியாம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். திரைக்குக் கிட்டே குனிந்தாள். ரெஜி அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது திரையில் நெற்றிக்குப் போயிற்று, வாய்க்கு இறங்கிற்று, திரும்பவும் மேலே போயிற்று. தேடுகிற கண்.

"இது யாரு?" என்றாள்.

"அம்மச்சி, அப்பச்சன்தான். கோட்டப் பாரு" என்றான் ஜோமேஷ்.

"கோட்டு அவருதுதான். மேல இருக்கிறது யாருன்னு கேட்டேன்."

வெளியே கம்பில் சுத்தியல் விழுந்த சத்தம் கேட்டது.

ரெஜி சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். லென்ஸைச் சொன்னான், அதைத் தான் அகலத் திறந்தே வைத்திருந்ததைச் சொன்னான், முகத்தை மென்பொருள் செய்ததைச் சொன்னான். நடைபாதைப் படத்தை முழுசாகத் திறந்து காட்டினான். டெல்னா தன் இமைமுடியையும், அதற்குப் பின்னால் இருந்த புகையையும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூவாயிரம் படம் எடுத்தேன்னு சொன்ன" என்றாள் ஏலியாம்மா. "ஒண்ணுல கூடவா என் மனுசன் இல்ல?"

இல்லை என்று சொன்னால் போதும். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒண்ணு இருந்துச்சு அம்மச்சி. பொண்ணு மங்கிட்டான்னு நான்தான் அழிச்சேன்."

ஜோமேஷ் ஒரு எட்டு முன்னால் வந்தான். ரெஜி பின்வாங்கவில்லை; பின்னால் அலமாரி இருந்தது. ஏலியாம்மா மகனைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினாள். பிறகு ரெஜியிடம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"அதுல எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள்.

"அம்மச்சி?"

"நீ பாத்தல்ல? பாத்துத்தான அழிச்ச? எப்படி இருந்தாரு, சொல்லு."

ரெஜி கண்ணை மூடினான். ஒரு விநாடிதான் பார்த்தான். ஆனால் தெளிவாக விழுந்த படம் அது.

"வலது கை நீட்டியிருந்தாரு. முக்காட்டுத் துணிய ரெண்டு விரல்ல பிடிச்சிருந்தாரு, பாலாடையத் தூக்குற மாதிரி. வாய் தொறந்திருந்துச்சு."

"தொறந்துதான் இருக்கும்" என்றாள் ஏலியாம்மா. "எந்த வேலையும் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் செய்வாரு. அப்புறம்?"

"டை முடிச்சு இடது பக்கமா சாஞ்சிருந்துச்சு. தாடைக்குக் கீழ ஒரு இடத்துல ஷேவிங் சரியா ஆகாம நாலஞ்சு நரைமுடி நின்னுச்சு."

"அப்புறம்?"

கண்ணில் தண்ணீர் நின்றது என்று சொல்ல வாய் எடுத்தான். நின்றதா? மகளைக் கோவிலுக்குள் அழைத்துப்போகும் தகப்பன், நின்றிருக்க வேண்டும். சொன்னால் இவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அதை அவன் பார்த்தானா? திரையில் இருந்த அந்தப் பல்வரிசைக்காரன் இன்னும் அவர்கள் நடுவே சிரித்துக்கொண்டிருந்தான். அவனைச் செய்தது எதுவோ அதுவே இப்போது தன் வாய்க்குள்ளும் வேலை செய்கிறது என்று ரெஜிக்குப் பட்டது.

"அவ்வளவுதான் தெரியும் அம்மச்சி. அதுக்கு மேல சொன்னா என் சொந்தச் சரக்கு."

ஏலியாம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த மூஞ்சிய மூடு" என்றாள் திரையைக் காட்டி. பத்திரிகைக்கு வாக்காளர் அட்டைப் படம் போயிற்று. அதில் மத்தாயிச்சன் போலீஸ்காரனைக் கண்டவர்போல விழித்துக்கொண்டிருந்தார்.

அவன் செருப்பை மாட்டும்போது ஏலியாம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்துடு. பெட்டியச் சுத்தி நின்னு எடுக்கிற படம் நீதான் எடுக்கணும். எல்லாரும் தெளிவா விழணும்."

அன்று ராத்திரி கஞ்சியும் இறங்கவில்லை.

மறுநாள் தார்ப்பாயின் கீழே எல்லாம் நீலமாக இருந்தது. பெட்டிக்குள் மத்தாயிச்சன் கோட்டோடு படுத்திருந்தார். சொன்னபடி இரண்டாம் தடவை. தலைமாட்டில் ஏலியாம்மா, ஒரு பக்கம் ஜோமேஷும் அவன் மனைவியும், மறுபக்கம் டெல்னாவும் மாப்பிள்ளையும், கால்மாட்டில் அண்ணன் தம்பி மக்கள். ரெஜி கேமராவை முக்காலியில் நிறுத்தினான். பெரிய லென்ஸைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டான். பழைய லென்ஸை மாட்டிப் பதினொன்றில் வைத்தான். வெளிச்சம் போதவில்லை, சாவு வீட்டில் ஃபிளாஷ் அடிக்க மனமில்லை, படத்துக்கு அரை விநாடி வேண்டியிருந்தது.

பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி பெட்டிக்குள் குனிந்தாள். "டை கோணலா இருக்கே. யாரு கட்டுனது?"

"நான்தான் கட்டினேன், பெரியம்மா. தொடாதீங்க" என்றாள் டெல்னா. "அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டு ரெஜியைப் பார்த்தாள். "இல்லையா சேட்டா?"

ரெஜி பெட்டிக்குள் பார்த்தான். முடிச்சு மத்தாயிச்சனின் இடது தோள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது பக்கம் என்றுதான் அவன் சொன்னான். ஆனால் அது படத்தில் தெரிந்த இடதா, மத்தாயிச்சனுடைய இடதா? எதிரே நிற்கிறவனுக்கு இடது வேறு. இருபத்திரண்டு வருடமாகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இடது, வலது என்று திருப்பி நிறுத்துகிறவன், நேற்று எந்த இடதைச் சொன்னோம் என்று தேடினான். கிடைக்கவில்லை. அந்தப் படம் இப்போது அவனுக்குள்ளும் ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்திருந்தது.

எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றான்.

பித்தானை அழுத்துமுன் பழக்கதோஷத்தில், "யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டான். அரை விநாடி. பிறகு திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனான். உயிரோடு நின்ற எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்திருந்தார்கள்.

மத்தாயிச்சனின் தாடைக்குக் கீழே, சவரம் செய்த கை நடுங்கிக் கீறின சின்னக் கீறல்கூட அப்படியே விழுந்திருந்தது.